விரிசலின் இரண்டு நுனிகள்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டை நின்றுபோன பிறகும் நான் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். துணிப்பெட்டி வந்துவிட்டது. வேலைக்கான இரண்டு பெட்டிகளும் வரவில்லை. ஒன்றில் என் கருவியும், ஒலியை அனுப்பி வாங்கும் ஒரு ஜோடி புரோப்களும் இருந்தன. மற்றொன்றில் இன்னொரு ஜோடி. தீப்பெட்டி அளவுள்ள அந்தப் புரோப்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் வெறும் சுற்றுலாக்காரி.

கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கோலாலம்பூரில் இருக்கிறது. நாளை வரும், அல்லது நாளை மறுநாள்." சிரித்துக்கொண்டே சொன்னதால் அவளிடம் கோபப்படவும் முடியவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூர். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் பாய்லர் செய்கிறார், அல்லது பாய்லர் செய்கிறவரோடு சண்டை போடுகிறார். நான் பாய்லரைப் பரிசோதிக்கிறவள். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பார்த்து, உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

நிபோங் திபாலுக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலை, நம் ஊரில் பாமாயில் என்போமே, அது. அதன் பாய்லரில் நீராவி சேரும் பெரிய இரும்பு உருளையான டிரம்முக்கு வயதாகிவிட்டது. அதன் தகடுகளை இணைக்கும் வெல்டிங் தையலைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தேன். நான் கையெழுத்துப் போடும் வரை ஆலை ஓடாது. பழுத்த செம்பனைக் குலைகள் காத்திருக்காது, லாரிகள் வேறு ஆலைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

விமான நிலையம் இருந்த தீவிலேயே, ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு விடுதியில் தங்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

"மேடம், மில்லுல இருந்து மணியம் பேசுறேன். பாய்லர் பாக்குறவன். பசியாறிட்டீங்களா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது, காலை உணவு சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார். நம் ஊரில் டிபன் ஆகிவிட்டதை இங்கே பசியாறுதல் என்கிறார்கள். எவ்வளவு நல்ல சொல்லை நாம் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தபடி, இன்னும் இல்லை என்றேன்.

"பொட்டி வந்திருச்சா?"

"வரலண்ணே."

"எப்ப வரும்?"

"நாளைக்கு, இல்லாட்டி நாளன்னைக்கு."

"வந்ததும் சொல்லுங்க மேடம். எந்த நேரமா இருந்தாலும் சொல்லுங்க," என்றார். மேலதிகாரி துரத்துவதால் வரும் அவசரம் இல்லை அது. அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தால் என்ன செய்வாள்? நடந்தேன். தெரு முனையில் பத்மா அக்காவின் கடை. நாலு மேசை, ஒரு தோசைக்கல், பீங்கான் தட்டுக்கு மேல் வாழையிலைத் துண்டு. சாம்பாரில் திருச்சிக்காரி எதிர்பார்க்காத ஒரு இனிப்பு, கூடவே மீன் குழம்பும் உண்டு. தோசைக்கு மீன் குழம்பு என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை விஷயம், இங்கே செவ்வாய்க்கிழமையிலேயே ஊற்றினார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"உக்காந்து சாப்பிடுங்க லா. எந்த பஸ்ஸப் பிடிக்கணும் உங்களுக்கு?" என்றார் பத்மா அக்கா. இங்கே பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது. என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன்.

"இரும்புக்குள்ள சத்தம் விட்டுப் பாக்குறதா? வயித்துப் புள்ளைக்கு ஸ்கேன் எடுக்குற மாதிரியா?"

"அதே ஸ்கேன்தான்க்கா. இதுல புள்ளை இருந்தா ஆகாது."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடற்கரைச் சுவரோரம் போனேன். காவிரிக்கரைக்காரிக்குக் கடல் எப்போதும் கொஞ்சம் அதிகப்படி. ஆனால் அலைகளைப் பார்த்தால் என்னால் நகர முடியாது. கல் தடுப்பு ஒன்று கடலுக்குள் நீண்டிருந்தது. அலை அதில் மோதித் திரும்புவதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது தடுப்பின் நுனியை. நுனியைத் தொட்ட இடத்தில் அலை அங்கிருந்தே ஒரு புதிய வட்டமாகக் கிளம்பி, தடுப்புக்குப் பின்னால், நிழல் போல் அமைதியாக இருக்க வேண்டிய நீருக்குள்ளும் மெல்ல நுழைகிறது. பள்ளிக்கூடத்தில் இதை விளிம்பு விளைவு என்று படித்தோம். என் பிழைப்பு அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. இரும்புக்குள் ஒரு விரிசல் சாய்ந்து கிடந்தால் அதில் மோதும் ஒலி வேறெங்கோ திரும்பிப் போய்விடும், நமக்குத் தெரியாது. ஆனால் விரிசலின் மேல் நுனியும் கீழ் நுனியும் எல்லாப் பக்கமும் சன்னமான வட்டங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு புரோப் ஒலியை அனுப்பும், எதிரில் உள்ள மற்றொன்று அந்த இரண்டு வட்டங்களுக்காகக் காத்திருக்கும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்ற இடைவெளியை அளந்தால் விரிசலின் உயரம் கிடைத்துவிடும்.

சொல்வதற்குச் சுலபம். ஐந்து வருடம் முன்பு நான் ஒரு டிரம்மில் விரிசல் என்று எழுதினேன். என் வார்த்தையை நம்பி வெட்டினார்கள். உள்ளே எதுவும் இல்லை. எங்கோ ஒரு விளிம்பில் பட்டு வந்த எதிரொலியை விரிசல் என்று நினைத்திருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் கணினியைத் திறக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒருவராவது, "அம்மா, இருக்கா இல்லையா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெயில் ஏறியதும் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குடியிருப்புகளின் பக்கம் போனேன். பலகை நடைபாதைக்குக் கீழே நூற்றுக்கணக்கான கம்பங்கள். படகு ஒன்று போனது. அதன் சின்னச் சின்ன அலைகள் கம்பங்களுக்கிடையே புகுந்ததும் உடைந்து, ஒவ்வொரு கம்பமும் ஒரு வளையத்தை அனுப்ப, வளையங்கள் ஒன்றோடொன்று மோதி வெறும் நடுக்கமாகிவிட்டன. தூரத்தில் பெரிய கப்பல் ஒன்று எழுப்பிய நீண்ட சோம்பலான அலை வந்தபோது, கம்பங்கள் இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. அப்படியே கடந்துபோய்க் கரையைத் தொட்டது. ஒரு கிழவர் செண்டோல் என்ற ஐஸ் இனிப்பைச் சாப்பிட்டபடி என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பக்கத்துக் கடைப் பெண் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: "தண்ணீரில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்கிறார்."

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அவள் கடையிலேயே குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்று வாங்கினேன். படகு வடிவம், கீழே ஊர்ப் பெயர். என் மகள் இதைப் பார்த்தால் சிரிப்பாள்.

மாலை ஐந்து மணிக்கு முதல் பெட்டி விடுதிக்கு வந்தது. கருவி இருந்தது, ஒரு ஜோடி புரோப் இருந்தது. அதிக அதிர்வெண் உள்ளவை, சாதாரண வேலைக்குப் போதும். இரண்டாவது பெட்டியைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை.

மறுநாள் காலை தீவிலிருந்து ஃபெர்ரியில் ஆலை இருக்கும் அக்கரைக்குப் போனேன். மணியம் அண்ணன் காருடன் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் பொட்டலம். "தப்பாவ் பண்ணிட்டு வந்தேன். நாசி லெமாக். வழியில சாப்பிடுங்க," என்றார். கட்டிக் கொடுப்பதை இங்கே தப்பாவ் என்கிறார்கள். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும். அந்தக் காரத்துக்கு என் கண்ணில் நீர் வந்தது.

பாதி வழியில் காரின் முகப்பிலிருந்து புகை கிளம்பியது. மணியம் அண்ணன் ஓரங்கட்டினார். "அலாமாக்! காடி ரோசாக் ஆயிருச்சு மேடம்." வண்டி கெட்டுவிட்டது என்கிறார். ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பாய்லர் பார்க்கிற ஆளின் கார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. என் குடிதண்ணீர் பாட்டிலையும் தன்னுடையதையும் ஊற்றி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு ஊர்ந்து போனோம். இருபுறமும் செம்பனை. ஒரே மாதிரி வரிசை, ஒரே மாதிரி நிழல். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே போனேன்.

ஓடாத ஆலையின் அமைதி எனக்குப் பிடிக்காது. புளித்த எண்ணெய் வாசம் மட்டும் நின்றது. ஆலையின் பொறியாளர் யோகநாதன் வாசலில் வரவேற்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம், தாத்தா ரயில்வேயில் எழுத்தராக இருந்தாராம். இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். தமிழ் புரியும், ஆனால் கோபம் வரும்போதுதான் பேசுவார் என்று பின்னால் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை நெருப்பு மூட்ட வேண்டும். முடியுமா?"

"டிரம் என்ன சொல்கிறதோ, பார்ப்போம்."

இரும்புப் படிகளில் ஏறினோம். தையல் ஓடும் இடமெல்லாம் மேலுறையைக் கழற்றி வைத்திருந்தார்கள். தகட்டின் கனம் நாற்பது மில்லிமீட்டர். சக்கரம் வைத்த சட்டத்தில் இரண்டு புரோப்களையும் மாட்டி, ஒலி தடையில்லாமல் உள்ளே போகப் பசை தடவி, தையலின் இருபுறமும் அவை ஓடும்படி தள்ளினேன். கணினித் திரையில் மேலே ஒரு கோடு, அது மேற்பரப்பை ஒட்டி வரும் அலை. கீழே ஒரு கோடு, அது டிரம்மின் உள்சுவரில் பட்டு வருவது. இடையில் சாம்பல் நிறம். இடையில் எதுவும் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

முதல் மூன்று மீட்டருக்கு எதுவும் இல்லை. நான்காவதில் இரண்டு முழ நீளத்துக்குத் திரையின் கீழ்ப்பாதி முழுவதும் கரடுமுரடானது. புல் முளைத்தது போல் இரைச்சல். கீழ்க்கோடும் அங்கே கிழிந்து போயிருந்தது. பசையைத் துடைத்து, மீண்டும் தடவி, மீண்டும் ஓட்டினேன். அதே புல்.

யோகநாதன் போன வருடத்து அறிக்கையைக் காட்டினார். யாரோ சாதாரண முறையில் பரிசோதித்து, அந்த இடத்தில் 'இரைச்சல், குறை ஏதுமில்லை' என்று எழுதியிருந்தார்.

"அப்படியென்றால் சரிதானே?" என்றார்.

"இரைச்சல் இருந்தால் குறை இல்லை என்று அர்த்தம் இல்லை. குறை இருந்தாலும் தெரியாது என்று அர்த்தம்."

"உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா?"

"இல்லை."

"தெரியாததற்காக ஆலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறீர்களா?"

நியாயமான கேள்வி. நல்ல வெல்டிங்கில் இவ்வளவு இரைச்சல் வரக் கூடாது. உலோகத்துக்குள் இருக்கும் படிக மணிகள் பெரிது பெரிதாக வளர்ந்திருந்தால், ஒவ்வொரு மணியும் ஒலியைச் சிதறடித்து இப்படி ஆகும். ஆனால் டிரம்மின் பதிவேட்டுப்படி அங்கே அப்படி ஓர் உலோகம் இருக்கவே முடியாது. அதற்கு நான் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஏற்கனவே ஒருவர் போட்டுவிட்டார். பேனாவை எடுக்கவும் எடுத்தேன். கீழே படியருகே மணியம் அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேனாவை மூடி வைத்தேன். "இன்னொரு ஜோடி புரோப் வர வேண்டும். குறைந்த அதிர்வெண், நீளமான அலை. மணிகளைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். ஒரு நாள் கொடுங்கள்."

"ஒரே ஒரு நாள்," என்றார் யோகநாதன். பிறகு தமிழில், "அதுக்கு மேல என்னால ஏலாது."

அன்று மாலை ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பியதும் விமான நிலையத்துக்கு ஆறு முறை தொலைபேசினேன். மறுநாள் காலை பத்மா அக்கா கேட்காமலே தேத்தண்ணீரை மேசையில் வைத்து, "இன்னிக்காவது உக்காருவீங்களா?" என்றார். உட்கார்ந்தேன். தேநீர் பாதியில் இருக்கும்போது மணியம் அண்ணன் அழைத்தார்.

"மேடம், பொட்டி கிடைச்சிருச்சு. ஏர்போர்ட்டுலதான் நிக்கிறேன்."

"நீங்க எப்படிண்ணே போனீங்க?"

"விடிகாலையிலயே வந்துட்டேன். நாலு ஆபீஸ் ஏறி எறங்கி, கேட்டுக் கேட்டு வாங்கிட்டேன் லா. அங்கயே இருங்க, வந்து ஏத்திக்கிறேன்."

அக்கரையிலிருந்து பாலம் தாண்டி வந்திருக்கிறார். ஆலைக்காரர் யாரும் அவரை அனுப்பவில்லை என்று காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

புது ஜோடியை மாட்டி அந்த இரண்டு முழத்தின் மேல் ஓட்டினேன். புல் மறையவில்லை, ஆனால் படிந்து தாழ்ந்தது. அதற்கு மேலே இரண்டு வளைவுகள் எழுந்து வந்தன. இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆழத்தில் ஒன்று, முப்பத்தாறில் ஒன்று. மேலேயுள்ளது வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் போனது. கீழேயுள்ளது கறுப்பில் தொடங்கி வெள்ளையில் போனது. விரிசலின் இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறாகத்தான் பேசும். பாடப் புத்தகத்தில் இருப்பது போல் அப்படியே இருந்தது.

ஐந்து வருடம் முன்பும் பாடப் புத்தகம் போலத்தான் இருந்தது.

எனக்கு இன்னொரு சாட்சி வேண்டும். டிரம்மின் ஆள்நுழை வாயில் வழியாக உள்ளே தவழ்ந்தேன். பின்னாலேயே விளக்குடன் மணியம் அண்ணன். உள்ளே நிமிர முடியாது, மூச்சு விடுவதுகூட எதிரொலித்தது. தையல் மழுமழுவென்று இருந்தது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கைப்பையில் துழாவினேன். படகுக் காந்தம் கையில் வந்தது.

தையலின் தொடக்கத்தில் வைத்தேன். டக்கென்று ஒட்டியது. நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு இடத்திலும் ஒட்டியது. அந்த இரண்டு முழம் தொடங்கும் இடத்தில் வைத்ததும் பிடிமானம் இல்லாமல் நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

"அண்ணே, இது டிரம் இரும்பு இல்ல. காந்தமே ஒட்டாத ஸ்டெயின்லெஸ் கம்பி வச்சு யாரோ உள்ளயிருந்து பத்த வச்சிருக்காங்க. ரெஜிஸ்டர்ல இது எங்கயும் இல்லையே."

விளக்கு ஆடியது. அவர் அதைக் கீழே வைத்தார்.

"எட்டு வருஷமாச்சு," என்றார். "பழம் குமிஞ்சு கெடந்த நேரம். தையல்ல தண்ணி கசிஞ்சிச்சு. அப்ப இருந்த மேனேஜர் வெளியாள் ஒருத்தன வெல்டிங்குக்குக் கூட்டிட்டு வந்தாரு. சரியான கம்பி இல்ல. இருந்த கம்பிய வச்சே அடிச்சான். நான்தான் பக்கத்துல லைட் பிடிச்சேன். அரைச்சு மழுக்கிட்டு, ரெஜிஸ்டர்ல 'கிளீனிங்'னு எழுதச் சொன்னாரு. எழுதுனேன். கையெழுத்து என்னோடது."

"அந்த மேனேஜர்?"

"செத்துட்டாரு. வெல்டிங் பண்ணவன் எங்க போனான்னே தெரியல. மிச்சம் நான் மட்டும்தான்."

"இத்தன வருஷமா சொல்லலையா?"

"பாய்லர் லைசென்ஸ் போயிரும்னு பயம். ரெண்டு பொண்ணு படிச்சிட்டு இருந்திச்சு. ஆனா நெருப்பு மூட்டுற ஒவ்வொரு தடவையும் இந்த எடத்துக்கு நேர் கீழ நான்தான் நிப்பேன், வேற யாரையும் விட மாட்டேன். பழைய டிரம், நல்ல டெஸ்ட் ஒண்ணு எடுத்துருவோம்னு யோகநாதன்கிட்ட மூணு தடவ கேட்டு வாங்குனது நான்தான். நீங்க கண்டுபிடிச்சிட்டா நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நேத்து நான் பேனாவ எடுத்தேனே, பாத்துட்டுத்தானே நின்னீங்க? போட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "தெரியல, தங்கச்சி," என்றார். மேடம் என்பது அதோடு போயிற்று.

அந்தப் பதில் பொய்யாக இருந்திருந்தால் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன்.

யோகநாதனிடம் அவரே சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். யோகநாதன் முதலில் ஆங்கிலத்தில் கத்தினார், பிறகு தமிழில் கத்தினார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே என்னிடம் கேட்டார்: "திறந்து பார்த்தால் விரிசல் இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா?"

ஐந்து வருடத்துக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மறைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "ஒருமுறை தவறியிருக்கிறேன். இந்த முறை உண்டு என்று சொல்கிறேன்," என்றேன்.

"அரைக்கச் சொல்லுங்கள்," என்றார்.

வெள்ளிக்கிழமை நெருப்பு மூட்டவில்லை. அன்று காலை மணியம் அண்ணன் தானே அரைக்கிறேன் என்று டிரம்முக்குள் இறங்கினார். உள்சுவரிலிருந்து நாலு மில்லிமீட்டரில் விரிசலின் கீழ் நுனி இருக்க வேண்டும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அரைப்பதை நிறுத்தி, சிவப்புச் சாயம் தடவி, ஊற விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்ப்போம். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் பொடியில் கசிந்து காட்டிக்கொடுக்கும்.

ஒன்று. வெள்ளை. இரண்டு. வெள்ளை. ஒவ்வொரு ஊறலுக்கும் பத்து நிமிடம். நான் மேல்தளத்தின் இரும்புப் பலகையில் முன்னும் பின்னும் நடந்தேன். மூன்று. வெள்ளை. யோகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நான்கு. பொடி காய்ந்து சுத்தமான வெள்ளையாகக் கிடந்தது. திருவெறும்பூரில் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று எனக்கு வரிசையாகக் கேட்டது.

"இன்னும் ஒண்ணு," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"போலே லா," என்றார் உள்ளிருந்து மணியம் அண்ணன். சரி, செய்யலாம் என்று அர்த்தம். இயந்திரம் மறுபடி ஊளையிட்டது.

ஐந்தாவது முறை பொடி காயும் முன்பே அவர் அழைத்தார். தவழ்ந்து போனேன். வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு முடி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. என் முழங்கை அளவு வந்த பிறகுதான் நின்றது.

எனக்கு மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன். நெருப்பு மூட்டியிருந்தால் இந்த முடிக்கு நேர் கீழே நின்றிருக்கக்கூடிய மனிதரின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. வாயில் உப்புக் கரித்தது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு விரலால் அந்தக் கோட்டைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

மதியம் யோகநாதனின் அறையில் அறிக்கை எழுதினேன். பழைய பழுதுபார்ப்பு பற்றிய தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. காந்தம் சொன்னது, அளவு சொன்னது, ஆள் சொன்னதாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்து தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்த மணியம் அண்ணன் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணும் எழுதலையே."

"தேவையில்லண்ணே."

"போடுங்க. என் பேர முழுசா போடுங்க." எழுத்து எழுத்தாகச் சொன்னார், அப்பா பெயரோடு, லைசென்ஸ் எண்ணோடு. நான் எழுதி முடிக்கும் வரை விரலை எடுக்கவில்லை. யோகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தபடியே, பாய்லர்களுக்கான அரசு ஆய்வாளருக்குத் தானும் ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். மூன்று முறை இந்தச் சோதனையைக் கேட்டவர் இவர்தான் என்று அதில் இருக்குமாம்.

ஆய்வாளரின் அலுவலகம் தீவில் இருக்கிறது. மூடுவதற்குள் அறிக்கையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார் மணியம் அண்ணன். அவருடைய கார் மறுபடி படுத்துவிட்டதால் ஆலை லாரி ஒன்று எங்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டது. மூன்று மணி வெயிலில் ஃபெர்ரி ஏறினோம். லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். பெண்கள் இருவரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள் என்றார். மனைவிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்கத் திரும்பியபோது, உறையை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

படகு தீவை ஒட்டி நின்றது. எல்லோரும் எழுந்தார்கள், பைகள் உரசின, ஒரு குழந்தை அழுதது. அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. படகு ஊழியர் ஒருவர் இருக்கைகளுக்கு நடுவே வந்து நின்று மலாயில் ஏதோ கேட்டார். எனக்கு அதில் 'மாலாம்' என்ற ஒரு சொல்தான் தெரியும், இரவு என்று அர்த்தம். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறாரா என்று கேட்கிறார் போலிருக்கிறது.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த மனிதர் மணியம் அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போய், படகின் மறுகோடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இருக்கைகளுக்கடியில் குப்பை பொறுக்கத் தொடங்கினார். எங்கள் வரிசையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.